ஷோல்டர் ரோலை விடுங்க, ஜோ லூயிஸைப் பாருங்க

ஜிம்முக்குப் புதுசா வர்ற பசங்க எல்லாரும் கேக்குறது ஒண்ணுதான், "அண்ணே, எந்த பாக்ஸர் ஸ்டைல் ஈஸியா வரும்?" கேட்டுட்டு பதிலுக்கு நிக்கவும் மாட்டாங்க, போன்ல ஹைலைட்ஸ் பாத்து ஏற்கனவே முடிவு பண்ணிட்டுதான் வந்திருப்பாங்க. மூச்சை அடக்கிக்கிட்டு குத்துறது, ஹேண்ட்ராப்பை லூசா சுத்துறது இதெல்லாம் தப்புன்னு யார் வேணா சொல்லிக்குடுப்பாங்க, அதை விடுங்க.

மேவெதர் மாதிரி நிக்கிறது

இதைப் பாத்தாலே எனக்கு எரிச்சலா வருது. இடது கையை வயித்துக்குக் குறுக்கே போட்டு, தோளைத் தூக்கி, பின்னாடி சாஞ்சு நிப்பாங்க, அமெரிக்க பாக்ஸர் ஃப்ளாய்ட் மேவெதரோட ஷோல்டர் ரோல் இதுதான், பாக்க கெத்தாதான் இருக்கும். ஆனா அந்தத் தோள் முக்கியமா தடுக்குறது எதிராளி வலது கையால நேரா அடிக்கிற குத்தைத்தான். இடது ஹூக் (பக்கவாட்டுல வளைச்சு அடிக்கிற குத்து) வந்தா காப்பாத்துறது கன்னத்துகிட்ட இருக்குற வலது கை, அது அங்கேருந்து நகரவே கூடாது, கூடவே குத்து வர்ற நேரத்துக்கு இடுப்பும் திரும்பணும். நம்ம பசங்க தோளை மட்டும் காப்பி அடிப்பாங்க. சமீபத்துல ஸ்பாரிங்ல (பயிற்சிக்கு மோதுறது) ஒருத்தன் முதல் வலதை அழகா தோள்ல வாங்கி விட்டான், உடனே ஒரு சிரிப்பு வேற, அடுத்து திருப்பி ஒரு கவுன்ட்டர் குத்து போடுற அவசரத்துல வலது கை நெஞ்சுக்கு இறங்கிடுச்சு, ஹூக் நேரா தாடையில. அன்னிக்கு மிச்ச ரவுண்டு அவனுக்குக் கெடையாது.

புதுப் பசங்களுக்கு மட்டும் இல்ல, அமெரிக்காவுல ஏட்ரியன் ப்ரோனர்னு ஒரு உலக சாம்பியன் இருந்தாரு, இதே ஸ்டைல்லதான் ஆடுவாரு. 2013 டிசம்பர்ல அர்ஜென்டினாக்காரர் மார்கோஸ் மைடானா அவரை இடது ஹூக்காலயே ரெண்டு தடவ கீழ விழ வெச்சு 12 ரவுண்டு பாயின்ட்ஸ்ல ஜெயிச்சாரு. அடுத்த வருஷம் அதே மைடானாவை மேவெதர் ரெண்டு தடவ ஜெயிச்சாரு. மேவெதரோட அப்பா 1978ல சுகர் ரே லியோனார்டோட மோதினவர், சித்தப்பா ரோஜர் உலக சாம்பியன், சின்ன வயசுலேருந்து வீட்டுலயே இதுதான் பேச்சு. ஆறு மாசம் ஜிம்முக்கு வந்துட்டு அதை எப்படிங்க எடுக்க முடியும்?

அலி மாதிரி கையைத் தொங்கவிடுறது

1963ல ஹென்றி கூப்பரோட இடது ஹூக் அலியையே உக்கார வெச்சுது. வேணாம்.

டைசன்

அவர மாதிரி குனிஞ்சு குனிஞ்சு ஆட முழங்கால் தாங்குமா? உயரமான பசங்க இந்தப் பக்கமே வராதீங்க.

சரி, யாரைத்தான் பாக்குறது

ஜோ லூயிஸ். 1937லேருந்து 1949 வரைக்கும் ஹெவிவெயிட் சாம்பியன். சின்னச் சின்ன ஸ்டெப், கை முகத்துகிட்ட, ஜாப் (முன்னாடி நிக்கிற கையால அடிக்கிற குத்து) நேர்கோட்டுல போகும், வலது அதிக தூரம் போகாது. இதுல உடம்பு வித்தை ஒண்ணும் இல்ல, அதனாலதான் காப்பி அடிக்கலாம்.

ஆனா இளவயசு லூயிஸை அப்படியே எடுக்காதீங்க. ஜாப் அடிச்சிட்டு இடது கையைத் தாழ்வா இழுப்பாரு, ஜெர்மன்காரர் மேக்ஸ் ஷ்மெலிங் அதைக் கவனிச்சு வெச்சிருந்து, 1936ல அந்த கேப்லயே வலதா போட்டு 12வது ரவுண்டுல நாக்அவுட் பண்ணிட்டாரு. 1938ல லூயிஸ் அவரை முதல் ரவுண்டுலயே முடிச்சாரு, அது வேற. புதுசா வர்றவங்களுக்கு ரொம்ப நாளைக்கு நான் ஜாப் மட்டும்தான் குடுப்பேன், கை போன உயரத்துலயே திரும்பி வரலைன்னா மிட்ஸால (குத்து வாங்க நான் கையில மாட்டுற பேட்) காதுகிட்ட ஒரு தட்டு.