இதழுக்குக் கட்டுரை அனுப்பும் முன்

ஆய்விதழின் கண்டிப்பும் வார இதழின் வாசிப்பு எளிமையும் கலந்த இதழ்களுக்கு எழுதுவது, இரண்டில் எதற்கும் எழுதுவதைவிடக் கடினம். துறை அறிஞர் குறை சொல்லக் கூடாது. துறைக்குப் புதியவர் பாதியில் மூடி வைக்கவும் கூடாது. ஆகவே எழுத உட்காரும் முன் அந்த இதழின் அண்மைய மூன்று நான்கு பிரதிகளை, கையில் பென்சிலோடு படியுங்கள். கட்டுரைகள் எத்தனை சொற்களில் முடிகின்றன, கலைச்சொற்களை எந்த இடத்தில் விளக்குகிறார்கள், அடிக்குறிப்பை அனுமதிக்கிறார்களா என்பவற்றைக் குறித்துக்கொண்டால், படைப்பாளர்களுக்கான நெறிமுறைகளில் எழுதப்படாத பலவும் பிடிபடும். முழுக் கட்டுரைக்கு முன் சுருக்கம் கேட்கும் இதழாக இருந்தால், எதைச் சொல்லப்போகிறீர்கள், அதை ஏன் இப்போது சொல்ல வேண்டும் என்பதை ஒரே பத்தியில் எழுதி அனுப்புங்கள்.

ஆய்வுக் கட்டுரையையோ ஆய்வேட்டின் ஓர் இயலையோ வெட்டிச் சுருக்கி அனுப்புவதுதான் நான் அதிகம் காணும் தவறு. ஆய்வுக் கட்டுரை முன்னோர் செய்த ஆய்வுகளில் தொடங்கி, முறையியலைக் கடந்து, முடிவை வந்தடையும். இதழ் வாசகரோ அவ்வளவு தூரம் காத்திருக்க மாட்டார். தேனீக்களின் தகவல் பரிமாற்றத்தைப் பற்றி எழுதுவதாக வைத்துக்கொள்வோம். தேன் இருக்கும் இடத்தைக் கண்டு திரும்பிய தேனீ, இருண்ட கூட்டுக்குள் செங்குத்தான தேனடையின் மீது எட்டு வடிவில் ஆடுகிறது. அந்த ஆட்டத்தின் நடுக்கோடு செங்குத்திலிருந்து எத்தனை பாகை சாய்கிறதோ, வெளியே சூரியன் இருக்கும் திசையிலிருந்து அத்தனை பாகை விலகிப் பறந்தால் பூக்களை அடையலாம். கட்டுரை இந்தக் காட்சியில் தொடங்கட்டும். இதைக் கண்டறிந்த கார்ல் வான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசு பெற்ற செய்தி மூன்றாம் பத்தியில் வந்தால் போதும். முறையியலை அடியோடு நீக்கிவிடவும் வேண்டாம்; அந்த முடிவை எப்படி அறிந்தார்கள் என்பதே பல வேளைகளில் கட்டுரையின் மிகச் சுவையான பகுதி.

படங்களைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் என்பது வழக்கமான அளவு. 6 அங்குல அகலத்தில் அச்சாக வேண்டிய படத்துக்கு 1,800 புள்ளிகள் அகலம் தேவை. சிறிய படத்தை மென்பொருளில் பெரிதாக்கினால் புள்ளிகளின் எண்ணிக்கை கூடுமே தவிர, எடுத்தபோது பதிவாகாத விவரம் புதிதாக வந்துவிடாது. படங்களைக் கட்டுரைக் கோப்பில் ஒட்டாமல் தனிக் கோப்புகளாக, எண்ணிட்டு, விளக்கக் குறிப்போடு அனுப்புங்கள். இணையத்தில் கிடைத்த படத்தில் பதிப்புரிமைக் குறி இல்லை என்பதால் அது பொதுச்சொத்து ஆகிவிடாது. பதிப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் படைப்பு உருவானதுமே, பதிவு எதுவுமின்றி, உரிமையும் உருவாகிவிடுகிறது. எடுத்தவரிடம் எழுத்து வடிவில் ஒப்புதல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கட்டுரையை யூனிகோடு எழுத்துருவில், திருத்தக்கூடிய கோப்பாகத் தாருங்கள். பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்தது வேறொரு கணினியில் பொருளற்ற குறிகளாகத் திறக்கும். பக்க அழகுபடுத்தல் எதுவும் வேண்டாம். வடிவமைப்பாளர் அதையெல்லாம் முதலில் களைந்துவிட்டுத்தான் தம் வேலையைத் தொடங்குவார். உடன் அனுப்பும் கடிதம் ஐந்தாறு வரிகளைத் தாண்ட வேண்டியதில்லை. கட்டுரை வேறெங்கும் வெளியாகவில்லை என்பதையும், வேறு இதழின் பரிசீலனையில் இல்லை என்பதையும் அதில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

கட்டுரை ஏற்கப்பட்ட பின் மெய்ப்பு, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்க்க அனுப்பும் படி, வரும். பெயர்கள், எண்கள், படக்குறிப்புகள் ஆகியவற்றை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். பத்தியை மாற்றி எழுதும் ஆசை அப்போதுதான் வரும். ஆனால் பக்கங்கள் கட்டி முடிந்த நிலையில் ஒரு வரி கூடினாலும் அடுத்த பக்கத்துப் படம் இடம் பெயரும் என்பதால், பிழையை மட்டும் திருத்தி, கேட்ட நாளுக்குள் திருப்பி அனுப்புங்கள்.