கூடைப்பந்துச் செலவைக் குறைத்தோம்

மகள் மாவட்ட அணிக்குத் தேர்வானதும் ஷூ, பந்து, பயணம் எனச் செலவு கையைக் கடித்தது. மற்ற அம்மாக்களிடம் மனம்விட்டுப் பேசினேன். எல்லார் வீட்டிலும் இதே கதைதான்.

பெண்கள் ஆடுவது 6-ஆம் எண் பந்து. சிமெண்ட் தரையில் தோல் பந்து சீக்கிரம் தேய்ந்துவிடும். பயிற்சிக்கு ரப்பர் பந்தே போதும். அப்புறம் ஷூ. வளரும் வயது, பாதம் நிற்குமா? சின்னதாகிப்போன ஜோடிகளை அணிக்குள்ளேயே கைமாற்றினோம். அடியில் வரிகள் தேய்ந்து வழவழவென்று இருந்தால் மட்டும் கொடுக்கவே கூடாது; வழுக்கினால் முட்டி போய்விடும்.

வெளியூர்ப் போட்டிக்கு ஸ்லீப்பர் டிக்கெட்டைச் சேர்ந்தே எடுக்கிறோம். இதுவும் முடியாதவர்கள் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விளையாட்டு விடுதித் தேர்வுக்குப் பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். அங்கே தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி எல்லாமே இலவசம்.