வாயில் வெள்ளைத் திட்டு: பயாப்ஸி ரிப்போர்ட்டை எப்படிப் படிப்பது?

தக்கலையில் பல் மருத்துவம் பார்க்கிறேன். ரப்பர் பால் வெட்டும் அண்ணாச்சிமார், வெற்றிலை முறுக்கான் போடும் பாட்டிமார் எனக் கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டோடு வருகிறவர்கள் பலர். திட்டில் சிறு துண்டு வெட்டிச் சோதித்த பயாப்ஸி ரிப்போர்ட்டை நீட்டி எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இது கேன்சர் ஆகுமா டாக்டர்?"

முதலில் 'டிஸ்பிளேசியா' என்ற சொல்லைத் தேடுங்கள். செல்கள் இயல்பு மாறியிருக்கின்றன, ஆனால் இன்னும் புற்று ஆகவில்லை என்று பொருள். பக்கத்தில் மைல்ட், மாடரேட், சிவியர் என ஒன்று இருக்கும். இன்றும் முதன்மையான அளவுகோல் இதுதான். திட்டு நாக்கின் ஓரத்திலோ அடியிலோ இருந்தால், அல்லது சிவப்பு கலந்திருந்தால், மைல்ட் என்றாலும் எனக்குக் கவலை கூடும்.

அப்புறம் புரதச் சோதனை. எந்தப் புரதம் எங்கே இருக்கிறது என்று சதையில் நிறம் ஏற்றிப் பார்ப்பது இது. 'ஐஎச்சி' என்ற தலைப்பில் வரும்; எல்லா ரிப்போர்ட்டிலும் இருக்காது. கி-67 என்பது பெருகும் செல்களில் தெரியும் புரதம். சவ்வின் அடியை ஒட்டிய வரிசைகளில் இருப்பது இயல்பு. மேல் அடுக்குகளுக்கு ஏறியிருந்தால் கவனிக்க வேண்டும். பொடோபிளானின் என்ற இன்னொரு புரதமும் அப்படித்தான்: அது மேலே ஏறிய திட்டுகள் புற்றாகும் வாய்ப்பு கூடுதல் என ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

பலரை ஏமாற்றுவது பி53 என்ற புரதம். அடியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக லேசாக நிறம் பிடித்தால் இயல்பு. எல்லாச் செல்லிலும் அடர்த்தியாகப் பிடித்தால் சந்தேகம். ஒரு செல்லில்கூடப் பிடிக்காவிட்டாலும் சந்தேகம்தான். அதற்கான மரபணு பழுதாகிப் புரதமே உருவாகாமல் போயிருக்கலாம். அதனால் 'நெகட்டிவ்' என்று கண்டதும் நிம்மதியாகி வீட்டில் இருந்துவிடாதீர்கள். "சுத்தமாக இல்லையா, லேசாக இருக்கிறதா?" என்று, சதையைச் சோதித்த பத்தாலஜிஸ்டிடம் கேட்கும்படி உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இவற்றில் எந்தப் புரதமும் தனியாக நின்று முடிவு சொல்லாது. டிஸ்பிளேசியா, இடம், பழக்கம் எல்லாவற்றோடும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

திருவனந்தபுரம் ஆர்சிசி புற்றுநோய் மருத்துவமனையில் இரண்டாவது கருத்துக் கேட்கப் போகிறீர்களா? பேப்பர் மட்டும் போதாது. லேபில், சதையின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடி ஸ்லைடையும், சதையைப் புதைத்து வைத்த மெழுகு பிளாக்கையும் கேட்டு வாங்குங்கள். பிளாக்கில் சதை மிச்சமிருந்தால், மறுபடி வெட்டாமலே புதிய சோதனை செய்யலாம். வெயிலில் நிற்கும் காருக்குள் மட்டும் விட்டுவிடாதீர்கள், மெழுகு இளகிவிடும்.

ரிப்போர்ட் எப்படி வந்தாலும் முறுக்கானையும் பீடியையும் விட்டே ஆக வேண்டும். வாயைத் தொடர்ந்து காட்டவும் வேண்டும். 1996இல் திருவனந்தபுரம் மாவட்டத்தில் தொடங்கிய ஆய்வில், சுகாதாரப் பணியாளர்கள் வெறும் கண்ணால் வாயைப் பரிசோதித்ததிலேயே, புகையிலை, மதுப் பழக்கம் உள்ளவர்களிடம் வாய்ப்புற்று மரணம் 34 சதவீதம் குறைந்தது. டிஸ்பிளேசியா இருந்தால் 3 மாதத்துக்கு ஒருமுறை வாருங்கள். வரும்போது பழைய ரிப்போர்ட்டையும், திட்டை செல்போனில் எடுத்த படத்தையும் மறக்காமல் எடுத்து வாருங்கள்.