டெயில் கட்டளை: திரை அமைதியாக இருந்தால் எல்லாம் சரி என்று நினைக்காதீர்கள்

சர்வரில் ஏதோ கோளாறு என்று அழைப்பு வந்தால் முதலில் பார்ப்பது லாக் கோப்பின், அதாவது நிரல்கள் நடப்பதைப் பதிந்துவைக்கும் கோப்பின், கடைசி வரிகளைத்தான். லினக்ஸில் அதற்கு டெயில் கட்டளை இருக்கிறது. கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் கடைசி 10 வரிகளைக் காட்டும். மொரீஷியஸின் எபேன் சைபர் சிட்டியில் புதிதாக வேலைக்குச் சேரும் நம் பிள்ளைகள் இதைச் சீக்கிரமே பழகிக்கொள்கிறார்கள். இவ்வளவு எளிதான கட்டளை என்பதால் இதன் நுணுக்கங்களை யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. டெயிலைத் தவறாகப் பயன்படுத்தினால் பெரும்பாலும் பிழைச் செய்தி எதுவும் வராது. திரை சும்மா இருக்கும். அந்த அமைதியை நம்பிவிடுவதுதான் ஆபத்து.

முக்கியமான தவறு, ஓடிக்கொண்டிருக்கும் லாகைக் கவனிக்கச் சின்ன எஃப் போடுவது. டெயிலுக்குப் பின் ஒரு கோடும் சின்ன எஃப்பும் கொடுத்தால் புது வரிகள் சேரச் சேரத் திரையில் வந்துகொண்டே இருக்கும். மாலையில் ஓடவிட்டால் இரவு வரை நன்றாகவே வரும். அப்புறம் ஒரு கட்டத்தில் சத்தமில்லாமல் நின்றுவிடும். காரணம், லாக் கோப்புகளை அவ்வப்போது மாற்றிவைக்கும் லாக்ரொட்டேட் என்ற நிரல். பல சர்வர்களில் அது நாளுக்கு ஒருமுறை லாக் கோப்பின் பெயருக்குப் பின்னால் .1 என்று சேர்த்து ஒதுக்கிவிட்டு, பழைய பெயரில் புதுக் கோப்பு ஒன்றை உருவாக்கும். சின்ன எஃப் பிடித்துக்கொண்டிருப்பது கோப்பின் பெயரை அல்ல, முதலில் திறந்த அந்தக் கோப்பையே. பெயர் மாறிய பிறகும் அது பழைய கோப்பைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். புதுப் பிழைகளெல்லாம் புதுக் கோப்பில் குவிந்துகொண்டிருக்க, உங்கள் திரையில் ஒரு வரிகூட வராது.

மூன்றாம் நிலைப் புயல் எச்சரிக்கையில் தீவே வீட்டுக்குள் அடைந்திருக்கும் இரவில், ஒருவர் மட்டும் வீட்டிலிருந்தபடி சர்வரைக் கவனிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இந்தத் தவறு நேர்ந்தால் கேட்டுத் தெரிந்துகொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லை. ஆகவே பெரிய எஃப் போடுங்கள். அது கோப்பைப் பெயரால் பின்தொடரும். அந்தப் பெயரில் வேறு கோப்பு வந்தால் அதைத் திறந்துகொள்ளும், கோப்பே காணாமல் போனாலும் மறுபடி வரும்வரை காத்திருக்கும். லாகைக் கவனிக்கச் சின்ன எஃப் போட ஒரு நல்ல காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

அதே அமைதி இன்னொரு வழியிலும் வரும். டெயிலின் வரிகளைப் பைப் வழியாக (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு அனுப்பும் வழி) கிரெப் என்ற தேடும் கட்டளைக்கு அனுப்பிப் பிழைகளை மட்டும் வடிகட்டுவது வழக்கம். அதுவரை சிக்கல் இல்லை. கிரெப்பின் வெளியீட்டை இன்னொரு பைப்பில் மூன்றாவது கட்டளைக்கு அனுப்பினால்தான் தொல்லை. டெர்மினல் திரைக்கு எழுதும்போது கிரெப் வரிவரியாக எழுதும். பைப்புக்குள் எழுதும்போது சில ஆயிரம் பைட்டுகள் சேரும்வரை தன்னிடமே வைத்திருக்கும். பிழைகள் எப்போதாவதுதான் வருகின்றன என்றால் அரை மணி நேரம் எதுவும் தெரியாமலே போகலாம். கிரெப்புக்கு --லைன்-பஃபர்ட் விருப்பத்தைக் கொடுத்தால் ஒவ்வொரு வரியையும் உடனே அனுப்பிவிடும்.

நேரத்திலும் கவனம் வேண்டும். பிற்பகல் 2.15 மணிக்கு லாகைத் திறந்தால் கடைசி வரியில் 10.15 என்று இருக்கும். நான்கு மணி நேரமாக எதுவும் எழுதப்படவில்லை என்று பதறி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்துவிடாதீர்கள். பல சர்வர்கள் உலகப் பொது நேரமான யுடிசியில்தான் எழுதுகின்றன. மொரீஷியஸ் அதற்கு 4 மணி நேரம் முன்னால் இருக்கிறது. பிரான்ஸ் நேரத்தில் எழுதும் சர்வர் என்றால் கணக்கு இன்னும் வழுக்கும். அங்கே கோடையில் நமக்கும் அவர்களுக்கும் இடைவெளி 2 மணி, குளிர்காலத்தில் 3 மணி. நம் நாடு 2008-09இல் கோடை நேரத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கைவிட்டது, அதனால் நம் கடிகாரம் மாறுவதில்லை. அவர்களுடையது மாறும். டேட் கட்டளையை சர்வரிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டு அதன்பின் கடைசி வரியைப் படியுங்கள்.

இனி வெட்டி எடுக்கும் வேலைகள். கோவில் காவடிப் பதிவுப் பட்டியல் காற்புள்ளியால் பிரித்த ஒரு சிஎஸ்வி கோப்பாக இருக்கிறது, தலைப்பு வரியை விட்டு மீதியெல்லாம் வேண்டும் என்றால் -என் +2 என்று கொடுக்க வேண்டும். கூட்டல் குறி விட்டுப்போனால் கடைசி இரண்டு பெயர்கள்தான் வரும். குறி இருந்தால் அந்த வரியிலிருந்து தொடங்கு என்று பொருள், இல்லாவிட்டால் கடைசியிலிருந்து அத்தனை வரி. பல ஊர்ப் பட்டியல்களை ஒரே கட்டளையில் கொடுத்துச் சேர்த்தால், ஒவ்வொன்றுக்கும் முன் கோப்பின் பெயரை அம்புக்குறிகளோடு டெயில் எழுதிவிடும். அதைத் தடுக்க -க்யூ இருக்கிறது.

தமிழ்ப் பெயர்கள் உள்ள கோப்பில் -சி விருப்பம் வேண்டவே வேண்டாம். அது எழுத்துகளை எண்ணுவதில்லை, பைட்டுகளை எண்ணுகிறது. யுடிஎஃப்-8 எழுத்துக் குறியாக்கத்தில் ‘க’ 3 பைட், ‘கி’ 6 பைட். பிரெஞ்சுப் பெயர்களில் வரும் குறியிட்ட ‘é’க்குக்கூட 2 பைட் ஆகும். நடுவில் வெட்டு விழுந்தால் முதல் எழுத்து கேள்விக்குறியாகிவிடும், அல்லது மெய்யைப் பிரிந்த கொம்பு மட்டும் தனியே நிற்கும். வரிக் கணக்கில் எடுத்தால் இந்தச் சிதைவே இல்லை.

எல்லாவற்றிலும் கொடியது, லாக் பெரிதாகிவிட்டது என்று கடைசி 1000 வரிகளை அதே கோப்புக்குள் > குறியால் திருப்பி எழுதுவது. டெயில் கோப்பைப் படிக்கத் தொடங்கும் முன்பே, கட்டளைகளை இயக்கும் ஷெல் அதைக் காலியாக்கிவிடும். 1000 வரிகள் மிஞ்சாது, மொத்தக் கோப்பும் போய்விடும். சாதாரணக் கோப்பு என்றால் வேறு பெயரில் எழுதி, திறந்து சரிபார்த்த பிறகு பழையதன் இடத்தில் வையுங்கள். ஓடிக்கொண்டிருக்கும் நிரலின் லாகுக்கு அதுவும் உதவாது. சின்ன எஃப்பைப் போலவே அந்த நிரலும் தான் திறந்த பழைய கோப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும், நீங்கள் வைத்த புதுக் கோப்பில் ஒரு வரியும் எழுதாது. அந்த வேலையை லாக்ரொட்டேட்டிடமே விடுங்கள். கோப்பு மாறியதை நிரலுக்குத் தெரிவிக்கவும் அதில் வழி இருக்கிறது.