எம்.இ. சிவில்: இரண்டாவது மூட்டை வாங்கும் முன்

போன வாரம் ஒரு கல்லூரியின் கான்கிரீட் லேப்புக்குப் போயிருந்தேன். எம்.இ. ஸ்ட்ரக்சுரல் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் காலியான ஃப்ளை ஆஷ் (அனல் மின் நிலையத்து நிலக்கரிச் சாம்பல்) சாக்கை உதறிக்கொண்டே, "இன்னொரு மூட்டை சொல்லியிருக்கேன் சார், நாளைக்கு வந்துடும்" என்றார். எனக்குப் பகீரென்றது. என் தீசிஸ் நாசமானது அப்படி ஒரு மூட்டையால்தான்.

எம்.இ. சிவில் மாணவர்கள் செய்யும் தவறுகள் சிலவற்றைச் சொல்கிறேன். அட்டெண்டன்ஸ், காப்பியடிப்பு பற்றியெல்லாம் இங்கே எழுதவில்லை. அவை எல்லோருக்கும் தெரிந்தவை.

பிரிவைப் பெயருக்காக எடுப்பது

ஸ்ட்ரக்சுரல் (கட்டட அமைப்பு டிசைன்) என்றால்தான் மதிப்பு என்று சேருகிறார்கள். பி.இ.யில் மண் இயக்கவியல் கணக்குகளை ஆசையாகப் போட்ட நண்பர் ஒருவரும் அப்படித்தான் சேர்ந்தார். இரண்டு வருடமும் ஃபைனைட் எலிமென்ட் பாடத்தோடு மல்லுக்கட்டினார். மண் சார்ந்த ஜியோடெக்னிக்கல் பிரிவை எடுத்திருந்தால் பிரகாசித்திருப்பார்.

சி.ஓ.ஏ.பி. பதிவையே விண்ணப்பம் என்று நினைப்பது

இல்லை. சி.ஓ.ஏ.பி. என்பது சேர்க்கை ஆஃபரைப் பார்த்து ஏற்பதற்கான பொது இணையதளம் மட்டுமே. ஒவ்வொரு ஐ.ஐ.டி.க்கும் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

மெட்டீரியலைத் தவணை தவணையாக வாங்குவது

என் தலைப்பு, சிமென்ட்டுக்குப் பதில் ஃப்ளை ஆஷ். 0 முதல் 50 சதவீதம் வரை பத்துப் பத்தாக ஆறு மிக்ஸ், அதாவது ஆறு கான்கிரீட் கலவை. சின்ன மூட்டை ஒன்று வாங்கினேன். ட்ரையல் மிக்ஸிலேயே பாதி போயிற்று, 20 சதவீத மிக்ஸோடு சாக்கு காலி. அடுத்த மூட்டை நிறம் கொஞ்சம் கறுத்திருந்தது. அதே தண்ணீர், கலவையை இளக வைக்கும் அதே சூப்பர் பிளாஸ்டிசைசர். ஸ்லம்ப் (கலவையின் இளக்கத்தைக் காட்டும் அளவு) மட்டும் இறங்கியது. அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும். நேரமில்லை என்று காஸ்டிங்கை (கலவையை அச்சில் வார்ப்பதை) தொடர்ந்தேன்.

வார்த்து 28 நாள் கழித்துச் செய்யும் வலிமைச் சோதனையின் ரிசல்ட் வந்தது. வலிமை 20 சதவீதம் வரை ஏறி, 30-ல் சட்டென்று விழுந்தது. 'உகந்த அளவு 20 சதவீதம்' என்று முடிவுரைகூட எழுதிவிட்டேன். மார்ச் ரிவ்யூவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர் ஒரே கேள்விதான் கேட்டார்: "ஆறு மிக்ஸுக்கும் ஒரே லாட்டா, ஒரே தடவை வந்த சரக்கா?" கிராஃபின் உச்சி, மூட்டை மாறிய இடத்தில் நின்றுகொண்டிருந்தது.

புது மூட்டையில் போட்ட மூன்று மிக்ஸை மட்டும் திரும்பப் போட்டால் தீராது. பழைய லாட் கிடைக்காது என்பதால் ஆறையும் திரும்பப் போட வேண்டும். மார்ச் கடைசியில் காஸ்டிங் என்றால் 28 நாள் ஏப்ரல் முடிவில், 90 நாள் ஜூன் முடிவில். சப்மிஷன் தள்ளிப்போனது. கேட் தேர்வு எழுதிச் சேர்ந்த மாணவர்களுக்கான ஏ.ஐ.சி.டி.இ. உதவித்தொகை 24 மாதத்தோடு நின்றுவிடும். நீட்டித்த செமஸ்டரை வீட்டுப் பணத்தில் ஓட்டினேன். அப்பாவிடம் கேட்டு வாங்கியது இன்றும் உறுத்துகிறது.

ஐ.எஸ். 3812 என்ற இந்தியத் தரநிலையில் தேறிய ஃப்ளை ஆஷ்தானே என்று சிலர் வாதிடுவார்கள். 45 மைக்ரான் சல்லடையில் தங்குவது 34 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது அதன் வரம்பு. ஒரு லாட்டில் 10 தங்கலாம், இன்னொன்றில் 30 தங்கலாம், இரண்டும் தேறும். ஆனால் கான்கிரீட்டுக்குள் அவை ஒரே பொருள் இல்லை. எரியாமல் தங்கிய கார்பனும் லாட்டுக்கு லாட் மாறும். அது சூப்பர் பிளாஸ்டிசைசர் போன்ற அட்மிக்ஸரை உறிஞ்சிக்கொள்ளும்.

காஸ்டிங்குக்கு முன்னால் உட்கார்ந்து கணக்குப் போடுங்கள். ஆறு மிக்ஸ், 7, 28, 90 நாள், ஒவ்வொன்றுக்கும் மூன்று க்யூப் (நசுக்கிச் சோதிக்கும் கான்கிரீட் கட்டி): மொத்தம் 54. 150 மில்லிமீட்டர் க்யூப் என்றால் கான்கிரீட் சுமார் 0.18 கன மீட்டர். கன மீட்டருக்கு 380 கிலோ பைண்டர் (சிமென்ட்டும் ஃப்ளை ஆஷும் சேர்த்து) வைத்தால் கிட்டத்தட்ட 70 கிலோ. சிலிண்டர், ப்ரிஸம், ட்ரையல், சிந்துவது எல்லாம் சேர்த்து இரட்டிப்பாகவே வாங்குங்கள். சிமென்ட், ஃப்ளை ஆஷ் இரண்டும் ஒரே நாளில், ஒரே லாட்டில் வரட்டும். காற்றுப் புகாத டிரம்மில் மூடி வையுங்கள். ஒரு கிலோவைத் தனியாக எடுத்து லேபிள் ஒட்டி வைத்தால், பிறகு சந்தேகம் வந்தாலும் சோதிக்கலாம். எம்-சாண்டுக்கு ஈரப்பதத்தைக் காஸ்டிங் நாளன்று காலையில் பார்த்தே ஆக வேண்டும்.

அந்தத் தம்பியிடம் இதைச் சொன்னேன். புது மூட்டையிலேயே ஆறு மிக்ஸையும் முதலிலிருந்து போடுவதாகச் சொன்னார். நவம்பர் மாதம்தான், அவருக்கு நேரம் இருக்கிறது.

சாஃப்ட்வேரை மட்டும் கற்பது

ஒரு பீமைக் கையால் டிசைன் செய்யத் தெரிந்த பிறகு ஈடாப்ஸ் என்ற கட்டட டிசைன் சாஃப்ட்வேரைத் திறங்கள்.

க்யூபில் சாக்பீஸால் எழுதுவது

கியூரிங் தொட்டியில் அழிந்துவிடும். பெயிண்ட்.