மியாட்டாவின் மீட்டர் கிளஸ்டரைக் கழற்றுவதற்கு முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாஸ்டா எம்எக்ஸ்-5 முதன்முதலில் மக்கள் பார்வைக்கு வந்தது 1989 பிப்ரவரியில், சிகாகோ கார் கண்காட்சியில். அமெரிக்காவில் மியாட்டா, ஜப்பானில் யூனோஸ் ரோட்ஸ்டர். 1997 வரை வந்த முதல் தலைமுறையை 'என்ஏ' என்பார்கள். விளக்கைப் போட்டால் முன்விளக்குகள் கண்ணிமை திறப்பதுபோல் எழுந்து வருமே, அந்த வண்டி. அவற்றில் கடைசியாக வந்ததற்கே இன்று 25 வயது தாண்டிவிட்டது. இன்ஜின் இன்னும் சளைக்காமல் ஓடுகிறது. ஆனால் டேஷ்போர்டு பிளாஸ்டிக்குக்கும் ஒயர் முனைகளுக்கும் மீட்டர் முட்களுக்கும் வயது தெரிகிறது.

நான் 1992 மாடல் ஒன்றை வைத்திருக்கிறேன். ஒருநாள் ஆயில் பிரஷர் முள் பூஜ்யத்தில் படுத்துவிட்டது. மீட்டர்தான் போய்விட்டது என்று முடிவுகட்டி, பழைய பாகம் ஒன்றை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து கிளஸ்டரை, அதாவது எல்லா மீட்டர்களும் சேர்ந்திருக்கும் பெட்டியை, கழற்றி மாற்றினேன். சாவியைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டால், புதிய முள்ளும் பூஜ்யத்திலேயே கிடந்தது. அடுத்த ஞாயிறு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தபோது காரணம் தெரிந்தது: ஆயில் பிரஷர் சென்டருக்கு (sender, அழுத்தத்தை உணர்ந்து மீட்டருக்குச் சொல்லும் பாகம்) போகும் ஒயரின் முனை பச்சையாகப் பூத்து, உள்ளே அறுந்திருந்தது. மீட்டரில் ஒரு குறையும் இல்லை. இதற்கிடையில் மீட்டருக்கு மேலே கவிந்திருக்கும் மூடியில் ஒரு காதை உடைத்திருந்தேன். அதனால்தான் இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் முதலாவதையே அதிகமாகப் பேசப்போகிறேன்.

முள் பொய் சொன்னால் மீட்டரையே குற்றம் சொல்வது

மீட்டர் என்பது கடைசிக் கண்ணி மட்டும்தான். அதற்கு முன்னால் சென்டர் இருக்கிறது, ஒயர் இருக்கிறது, எர்த் இருக்கிறது, ஃபியூஸ் இருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பதற்கு முன் இவற்றை வரிசையாகப் பார்த்துவிட வேண்டும்.

ஒரு முள் மட்டும் கெட்டதா, பல முட்கள் ஒன்றாகக் கெட்டனவா என்று முதலில் கவனியுங்கள். பெட்ரோல், வெப்பம், ஆர்பிஎம் எல்லாம் ஒரே நாளில் செத்துப்போனால், மூன்று மீட்டர்களும் பேசிவைத்துக்கொண்டு கெட்டிருக்காது. ஃபியூஸ் பெட்டியில் 'மீட்டர்' என்று எழுதியிருக்கும் ஃபியூஸையும் கிளஸ்டரின் எர்த்தையும் பாருங்கள்.

வெப்பமானி மட்டும் அசையவில்லை என்றால், இன்ஜினில் இருக்கும் வெப்ப சென்டரைத் தேடுங்கள். இரண்டு இருக்கும். ஒற்றை ஒயர் போவது முள்ளுக்கு, இரட்டை ஒயர் போவது இன்ஜின் கணினிக்கு. நமக்கு வேண்டியது ஒற்றை ஒயர். அதைக் கழற்றி, சாவி போட்ட நிலையில் ஒரு நொடி மட்டும் எர்த்தில் தொட்டுப் பாருங்கள். முள் சூட்டுப் பக்கம் ஏறினால் மீட்டரும் ஒயரும் நன்றாக இருக்கின்றன, சென்டர்தான் போயிருக்கிறது. முள் ஏறத் தொடங்கியதுமே ஒயரை எடுத்துவிடுங்கள். இன்னொன்று: இந்த வண்டியில் வெப்ப முள் வெகுநேரம் நடுவிலேயே நிற்பது இயல்பு. வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்குவதை அது காட்டாது. 'முள் ஒட்டிக்கொண்டுவிட்டது' என்று அதற்காகக் கழற்ற வேண்டியதில்லை.

வேகமானி இந்தத் தலைமுறையில் கேபிளால் ஓடுகிறது. கியர்பாக்ஸில் இருந்து ஒரு முறுக்குக் கேபிள் வந்து மீட்டருக்குள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது. அந்தக் காந்தம் பக்கத்தில் உள்ள உலோகக் கிண்ணத்தை இழுக்க, அதோடு சேர்ந்து முள் நகர்கிறது. இது தெரிந்தால் நோயைக் கண்டுபிடிப்பது எளிது. முள் நடுங்கி நடுங்கி ஏறினால் கேபிள் வறண்டிருக்கிறது, அல்லது எங்கோ மடங்கியிருக்கிறது. முள்ளும், ஓடிய தூரத்தை எண்களில் காட்டும் ஓடோமீட்டரும் சேர்ந்து நின்றுவிட்டால் கேபிள் அறுந்திருக்கலாம், அல்லது கியர்பாக்ஸ் முனையில் பல் தேய்ந்திருக்கலாம். முள் சரியாக ஏறியும் எண்கள் மட்டும் உருளவில்லை என்றால்தான் குறை மீட்டருக்குள், அதன் சின்னப் பற்சக்கரங்களில் இருக்கிறது. கிளஸ்டரைக் கழற்றுவதற்கு நியாயமான காரணம் இதுதான்.

வறண்ட கேபிளுக்கு கிரீஸ் போடலாம், ஆனால் மெல்லிய பூச்சு போதும். அள்ளிப் போட்டால், சுழலும் கேபிள் கிரீஸை மேலே ஏற்றிக்கொண்டே போய் மீட்டருக்குள் தள்ளிவிடும். காந்தத்துக்கும் கிண்ணத்துக்கும் நடுவில் கிரீஸ் ஏறினால் நல்ல மீட்டரை நாமே கெடுத்ததாகிவிடும். மேல் முனையில் கடைசி சில அங்குலத்தை உலர்வாகவே விட்டுவிடுங்கள்.

ஆயில் பிரஷர் விஷயத்தில் மட்டும் கூடுதல் எச்சரிக்கை தேவை. முள் பூஜ்யத்தில் இருந்தால், அது உண்மையைச் சொல்லவும் வாய்ப்பு உண்டு. இன்ஜினை உடனே நிறுத்துங்கள், ஆயில் அளவைப் பாருங்கள். அப்புறம் சென்டரைக் கழற்றி, அந்த இடத்தில் சோதனைக்கான மெக்கானிக்கல் பிரஷர் கேஜ் ஒன்றைப் பொருத்திப் பாருங்கள். சூடான இன்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றில் ஓடும்போது சுமார் 40 முதல் 60 பிஎஸ்ஐ அழுத்தம் காட்ட வேண்டும். இங்கே ஒரு பொறி இருக்கிறது. சென்டர் ஏறும் துளையின் மரை பிரிட்டிஷ் வகை, அங்குலத்துக்கு 28 சுற்று. அமெரிக்கக் கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் இணைப்பான் 27 சுற்று. முதல் இரண்டு சுற்று இலகுவாகத்தான் ஏறும். அதற்குமேல் பலம் கொடுத்தால் இன்ஜின் பிளாக்கின் மரையே போய்விடும். இரண்டும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும், அதனால் அளந்து வாங்குங்கள்.

பெயர் ஒன்று என்பதால் பாகமும் ஒன்று என்று நினைப்பது

மீட்டர்தான் போயிருக்கிறது என்று உறுதியாகிவிட்டது, சரி. பழைய பாகம் வாங்கும்போது ஆண்டைப் பாருங்கள். 1994 மாடல் வரை இருந்த ஆயில் பிரஷர் மீட்டர் உண்மையான அழுத்தத்தைக் காட்டும். அமெரிக்க வண்டிகளில் 0, 30, 60, 90 என்று எண்களே இருக்கும். 1995 மாடலில் இருந்து மாஸ்டா அதை மாற்றிவிட்டது. கீழே இருப்பது வெறும் சுவிட்ச். அழுத்தம் ஓரளவு இருந்தால் முள் நடுவில் நிற்கும், இல்லாவிட்டால் விழும். முள் வைத்த எச்சரிக்கை விளக்கு என்றே சொல்லலாம். பழைய மீட்டரைப் புதிய வண்டியில் போட ஆசைப்படுபவர்கள் நிறைய, எனக்கும் அது நல்ல ஆசையாகத்தான் படுகிறது. ஆனால் மீட்டரை மட்டும் மாற்றி சென்டரை அப்படியே விட்டால் முள் அர்த்தமில்லாமல் நிற்கும். இரண்டையும் ஒரே ஜோடியாக மாற்றுங்கள்.

ஜப்பானில் இருந்து வந்த யூனோஸ் கிளஸ்டர் கிலோமீட்டரில் காட்டும், 180-உடன் முடியும். மைல் கணக்கில் ஓட்டும் நாட்டில் அதை அழகுக்காகப் போடுவதை நான் ஏற்கமாட்டேன். தினமும் ஒருமுறை மனக்கணக்கு தவறினாலும் அபராதம் வரும்.

அவசரக் கை

பேட்டரியைக் கழற்றாமல் தொடங்கக் கூடாது. என்ஏ-வில் பேட்டரி டிக்கியில் இருக்கிறது. எதிர்முனையைக் கழற்றிவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டு வந்து வேலையைத் தொடங்குங்கள். அமெரிக்க மியாட்டாக்களில் தொடக்கத்தில் இருந்தே ஓட்டுநர் பக்கம் ஏர்பேக் உண்டு. அதன் சுற்றில் தேங்கிய மின்சாரம் வடிவதற்கு நேரம் கொடுக்க வேண்டும். கிளஸ்டர் வெளியே இருக்கும்போது 'சும்மா பார்க்கலாம்' என்று சாவியைத் திருப்பவும் கூடாது. ஏர்பேக் எச்சரிக்கை விளக்கு அந்த கிளஸ்டருக்குள்தான் இருக்கிறது.

பலர் இடம் போதவில்லை என்று ஸ்டியரிங் வீலையே கழற்றிவிடுகிறார்கள். வேண்டவே வேண்டாம். ஏர்பேக்கைத் தொட வேண்டிய தேவையே இந்த வேலையில் இல்லை. ஸ்டியரிங் தண்டைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றி, தண்டை மேலே தாங்கிப் பிடிக்கும் போல்ட்களைத் தளர்த்தினால், வீல் மடிமேல் இறங்கிவரும். கிளஸ்டர் வெளியே வர அந்த இடம் போதும். முடிந்ததும் அந்த போல்ட்களை முறையாக இறுக்கியே ஆக வேண்டும். ஸ்க்ரூ ஒன்று மறந்துபோனால் டேஷ்போர்டு கடகடக்கும், அவ்வளவுதான். இந்த போல்ட் மறந்துபோனால் ஓடும்போது ஸ்டியரிங் ஆடும். மறக்காமலிருக்க, இறுக்கும்வரை போல்ட் ஸ்பானரை சீட்டின்மேலேயே வைத்திருப்பது என் வழக்கம்.

மீட்டர்களுக்கு மேலே குடைபோல் கவிந்த மூடிதான் அதிகம் உடைவது. ஸ்க்ரூக்களை எடுத்த பிறகும் கிளிப்கள் பிடித்துக்கொண்டிருக்கும். வெயிலில் முப்பது கோடை வெந்த பிளாஸ்டிக் அது, அப்பளம் மாதிரி. குளிர்நாளில் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். வேறு வழியில்லை என்றால் முடி உலர்த்தியால் மிதமாகச் சூடாக்கிக்கொண்டு, உலோக ஸ்க்ரூ டிரைவருக்குப் பதில் பிளாஸ்டிக் நெம்பியால், ஒரு மூலையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். வரவில்லை என்றால் இழுக்காதீர்கள். எங்கோ ஒரு ஸ்க்ரூ இன்னும் இருக்கிறது என்று அர்த்தம்.

நான்கு ஸ்க்ரூக்களை எடுத்ததும் கிளஸ்டர் அசையும். உடனே தன்பக்கம் இழுப்பது அடுத்த தவறு. பின்னால் வேகமானிக் கேபிள் இறுக்கமாகப் பிடித்திருக்கும். கையைப் பின்னால் விட்டு அதன் நாக்கை அழுத்தினால் கழன்றுவரும். கை போகும் அளவுக்குக் கேபிள் தளர்வாக இல்லையென்றால், வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி கியர்பாக்ஸ் முனையைக் கழற்றிவிட்டால் சில அங்குலம் கிடைக்கும். அதற்குப்பிறகு ஒயர் கனெக்டர்கள். ஒயரைப் பிடித்து இழுக்காமல் கனெக்டரைப் பிடித்தே கழற்றுங்கள். கழற்றுவதற்குமுன் செல்போனில் நாலு படம் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள்.

மேசைமேல் வைத்த பிறகு

கிளஸ்டரின் முதுகில், மெல்லிய பிளாஸ்டிக் தாளில் செம்புத் தடங்கள் அச்சிட்டிருக்கும். மீட்டர்களைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூக்கள் வெறும் பிடிமானம் அல்ல, மின்சாரமும் அவற்றின் வழியேதான் போகிறது. தளர்வாக விட்டால் முள் அவ்வப்போது மயங்கி விழும். வெறியோடு இறுக்கினால் செம்புத் தடம் கிழியும். விரல் நுனியால் திருகி, டிரைவரால் ஒரு சின்ன இறுக்கு, போதும். தடங்கள் கறுத்திருந்தால் பென்சில் அழிப்பான் கொண்டு மெதுவாகத் தேய்க்கலாம். உப்புத்தாள் வேண்டாம்.

முள்ளை விரலால் சுற்றிப் பார்க்கும் ஆசையை அடக்குங்கள். முள்ளைக் கழற்றியே தீர வேண்டும் என்றால், அது ஓய்வில் நிற்கும் இடத்தை டயலில் ஒட்டுத்தாளால் குறித்துவிட்டு எடுங்கள். குறிக்காமல் எடுத்த முள்ளை அதே இடத்தில் வைப்பது நடக்காத காரியம், அதன்பின் அந்த மீட்டர் சொல்வதை நம்ப முடியாது. டயலின் மங்கல் கறுப்பில் கைரேகை பட்டால் போகாது என்பதால் ஓரத்தைப் பிடித்தே தூக்குங்கள். அந்தக் காலத்து மீட்டர்கள் சிலவற்றில் முள் அதிராமலிருக்க சிலிக்கோன் எண்ணெய் வைத்திருப்பார்கள். கவிழ்த்துப்போட்டால் அது டயலில் கசியும், ஆகவே நிமிர்த்தியே வையுங்கள்.

முன் கண்ணாடி உண்மையில் பிளாஸ்டிக். தின்னர், பெட்ரோல், அசிட்டோன் எதுவும் அதில் படக்கூடாது, நொடியில் பால்போல் வெளுத்துவிடும். காகிதத் துணியும் கீறும். சோப்புத் தண்ணீர், மென்மையான பருத்தித் துணி, அதுவே நல்லது.

கிளஸ்டர் கையில் இருக்கும்போதே பல்புகளையும் மாற்றிவிடுங்கள், இன்னொருமுறை கழற்ற யாருக்கும் மனம் வராது. எல்இடி போடுபவர்கள் திசையைப் பார்த்துப் போட வேண்டும். ஏர்பேக் எச்சரிக்கை விளக்குக்கு மட்டும் பழைய இழை பல்பையே வைத்துவிடுங்கள்.

வேகமானியை மாற்றினால் ஓடோமீட்டரும் மாறுகிறது. அமெரிக்காவில் இதற்குச் சட்டம் இருக்கிறது: பழைய எண்ணையே புதியதில் வைக்க முடியாவிட்டால் பூஜ்யத்தில் வைத்து, மாற்றுவதற்குமுன் ஓடிய மைலையும் மாற்றிய தேதியையும் எழுதி இடப்பக்கக் கதவின் சட்டகத்தில் ஒட்ட வேண்டும். 'நம் வண்டிதானே' என்று இதை விட்டுவிடாதீர்கள். பத்து வருடம் கழித்து வாங்குபவருக்கு அந்தத் துண்டுச் சீட்டு ஒன்றுதான் உண்மையைச் சொல்லும்.

மூடியைத் திரும்ப மாட்டுவதற்குமுன் பேட்டரியை இணைத்துப் பாருங்கள். முதலில் எச்சரிக்கை விளக்குகள் எரிந்து அணைகின்றனவா, இண்டிகேட்டர், ஹை பீம் விளக்குகள் வேலை செய்கின்றனவா என்று நின்ற இடத்திலேயே சோதியுங்கள். இன்ஜினை ஓடவிட்டு ஆயில் முள் ஏறுவதைக் கவனியுங்கள். ஸ்டியரிங் தண்டின் போல்ட்களை இறுக்கிய பிறகு, தெருமுனை வரை மெதுவாக ஓட்டி வேகமானி சீராக ஏறுகிறதா, ஓடோமீட்டரின் கடைசி எண் உருள்கிறதா என்று பாருங்கள். என் வண்டியில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அந்த ஒயர் முனையை மாற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தபோது ஆயில் முள் மெல்ல எழுந்து 60-ஐ நெருங்கி நின்றது. முதல் ஞாயிறு நான் கழற்றிய பழைய மீட்டர் ஒரு பழுதும் இல்லாமல் மேசைமேல் கிடந்தது.