மெனோபாஸ் காலத்து எரிச்சலும் அழுகையும்: நாமே தொடங்கக்கூடிய சில படிகள்

யாரோ கதவைச் சற்று ஓங்கிச் சாத்திவிட்டார்கள். அவ்வளவுதான். சுள்ளென்று கோபம் வருகிறது, குரல் உயர்கிறது, பிறகு தொண்டை அடைத்துக் கண் கலங்குகிறது. ஐந்து நிமிடம் கழித்து, இதற்காகவா இப்படிக் கத்தினோம் என்று நமக்கே வெட்கமாக இருக்கிறது.

47 வயதில் எனக்கு இது தொடங்கியபோது என் குணமே கெட்டுவிட்டது என்று நினைத்தேன். பல மாதங்களாக இரவில் இரண்டு மூன்று முறை வியர்த்து விழித்துக்கொண்டிருந்தேன் என்பதை ஒரு நோட்டுப் புத்தகம்தான் எனக்குக் காட்டியது. அதனால் இந்த விளக்கத்தையும் அந்த நோட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

அதற்கு முன் உடலுக்குள் என்ன நடக்கிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தொடர்ந்து 12 மாதங்கள் மாதவிடாய் வராமல் இருந்தால் அதை மெனோபாஸ் என்கிறார்கள். பெரும்பாலான பெண்களுக்கு 45 முதல் 55 வயதுக்குள் இது வரும். ஆனால் மனத்தை அதிகம் ஆட்டிவைப்பது அதற்கு முந்தைய சில ஆண்டுகள்தான். அப்போது ஈஸ்ட்ரோஜன் என்னும் பெண் ஹார்மோன் ஒரே சீராகக் குறைவதில்லை. ஏறுகிறது, திடீரென்று இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் போன்ற மூளை வேதிப்பொருள்களின் செயல்பாட்டையும் இந்த ஏற்ற இறக்கம் பாதிக்கிறது. எனவே மாதவிடாய் இன்னும் வந்துகொண்டிருக்கிறதே, இது மெனோபாஸ் தொடர்பானதாக இருக்காது என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

படி 1: நான்கு வாரம் எழுதுங்கள்

படுக்கப் போகும் முன் இரண்டு நிமிடம் போதும். தேதி, முந்தைய இரவு எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள், எத்தனை முறை வியர்த்து எழுந்தீர்கள், மாதவிடாய் வந்ததா, அன்றைய மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண். இவ்வளவுதான். பக்கம் பக்கமாக எழுதத் தொடங்கினால் நான்காம் நாளே விட்டுவிடுவோம்.

நான்கு வாரம் முடிந்ததும் குறைந்த மதிப்பெண் போட்ட நாட்களைச் சுற்றி வட்டமிடுங்கள். அவை தூக்கம் கெட்ட இரவுகளுக்கு அடுத்து வருகின்றனவா? மாதவிடாய்க்குச் சில நாட்கள் முன்பு வருகின்றனவா? எந்த ஒழுங்கும் இல்லாமல் எல்லா நாளும் இருளாகவே இருக்கிறதா? மூன்றாவது உங்கள் நிலை என்றால் மற்ற படிகளுக்குக் காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்.

படி 2: இரவைச் சரிசெய்யுங்கள்

ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்பவர்களுக்கு நான் சொல்வது இந்தப் படியைத்தான். தூங்காத உடம்போடு பொறுமையாக இருக்க முயல்வது காலி வயிற்றோடு சுமை தூக்குவது போன்றது.

படுக்கையறை முடிந்த அளவு குளிர்ச்சியாக இருக்கட்டும். தடித்த ஒரே போர்வைக்குப் பதில் மெல்லிய இரண்டு வைத்துக்கொண்டால் வேண்டியபோது ஒன்றை விலக்கலாம். பருத்தி உடை, கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு துண்டு, மாற்றுச் சட்டை, தண்ணீர். நள்ளிரவில் விளக்கைப் போட்டு அலமாரியைத் துழாவினால் வந்த தூக்கமும் போய்விடும்.

காபியை நண்பகலோடு நிறுத்திப் பாருங்கள். குடித்து ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆன பிறகும் அதிலுள்ள காஃபீனில் பாதி உடலில் இருக்கும். மது தூக்கத்தைக் கொண்டுவருவதுபோல் தோன்றும். ஆனால் இரவின் பிற்பகுதியைக் கலைத்துவிடும். காரமான உணவு சிலருக்கு, இந்தக் காலத்தில் திடீரென்று பரவி வியர்க்க வைக்கும் உடல் சூட்டைக் கிளப்பும், சிலருக்கு ஒன்றும் செய்யாது. உங்களுக்கு எப்படி என்பதை நோட்டு சொல்லும்.

எப்போது படுத்தாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். நடுவில் விழித்து, இருபது நிமிடம் போல ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் படுக்கையில் புரளாதீர்கள். மங்கலான வெளிச்சத்தில் சுவாரஸ்யமில்லாத எதையாவது படித்துவிட்டு, கண் சொக்கும்போது திரும்புங்கள். கடிகாரத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வையுங்கள். விடியற்காலை மூன்று மணிக்கு மனம் சொல்லும் எதையும் நம்பி முடிவெடுக்காதீர்கள். நான் எடுத்த முடிவுகளில் ஒன்றுகூடப் பகல் வெளிச்சத்தில் நிற்கவில்லை.

படி 3: நடங்கள், கொஞ்சம் எடையும் தூக்குங்கள்

வாரத்துக்கு 150 நிமிட வேக நடை என்பது பெரியவர்களுக்கான பொதுவான பரிந்துரை. பழக்கமில்லாதவர்கள் தினமும் பத்து நிமிடத்தில் தொடங்கலாம். வாரம் இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் சேர்ந்தால், இந்த வயதில் தேயத் தொடங்கும் எலும்புக்கும் நல்லது. உடற்பயிற்சியால் அந்தத் திடீர் உடல் சூடு குறையும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. தூக்கத்துக்கும் மனத்துக்கும் அது உதவும். நமக்கு இப்போது வேண்டியதும் அதுதான்.

படி 4: பொங்கும் அந்த நிமிடத்தில்

திடீர்ச் சூடு ஏறும்போது இதயம் படபடக்கும். அதை மனம் பயம் என்றோ கோபம் என்றோ எடுத்துக்கொள்ளும். "இது சூடு, சில நிமிடத்தில் அடங்கிவிடும்" என்று உங்களுக்குள் சொல்லிக்கொள்ளுங்கள். நான்கு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை விடுங்கள். முடிந்தால் அந்த அறையை விட்டு வெளியே வந்துவிடுங்கள். அமைதியாக இருக்கும் நாட்களில் பழகி வைத்தால்தான் தேவைப்படும் நாளில் இது கைகொடுக்கும்.

படி 5: உடன் இருப்பவர்களிடம் சொல்லுங்கள்

"எனக்கு முடியவில்லை" என்றால் அவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியாது. "நான் அறையை விட்டுப் போனால் பின்னால் வந்து காரணம் கேட்க வேண்டாம், பத்து நிமிடத்தில் நானே வருகிறேன்" என்று சொன்னால் புரியும். கோபமாக இருக்கும்போது சொல்லாமல், நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லுங்கள்.

மூலிகை மாத்திரைகள் பற்றி

இயற்கையானது என்பதால் மட்டும் எதையும் வாங்கி விழுங்காதீர்கள். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்னும் மூலிகை கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து போன்றவற்றின் பலனைக் குறைக்கும். மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்ந்தால் ஆபத்து. பிளாக் கோஹோஷ் என்னும் இன்னொரு மூலிகையை எடுத்துக்கொண்ட சிலருக்குக் கல்லீரல் பாதிப்பு பதிவாகியிருக்கிறது. வேறு மருந்து சாப்பிடுபவர்கள் கேட்காமல் தொடவே கூடாது.

எப்போது மருத்துவர்?

இரண்டு வாரம் தொடர்ந்து எதிலும் ஈடுபாடில்லாமல் சோர்ந்து கிடந்தால் போகவேண்டும். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் அன்றைக்கே, துணைக்கு ஒருவரோடு போகவேண்டும். ஓராண்டு நின்றிருந்த ரத்தப்போக்கு மறுபடி வந்தாலும், 40 வயதுக்கு முன்பே மாதவிடாய் நின்றாலும் தள்ளிப்போடக் கூடாது. பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு வந்திருந்தவர்கள் இந்தக் காலத்தில் கூடுதல் கவனமாக இருக்கவேண்டும். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே முகமூடியோடு வரக்கூடும் என்பதால் ரத்தப் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். மேலே சொன்னவை போதாதபோது, மனநல ஆலோசனை, ஹார்மோன் சிகிச்சை, பிற மருந்துகள் என்று வழிகள் இருக்கின்றன. அவற்றை நாடுவது தோல்வி அல்ல.

போகும்போது அந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள். வட்டமிட்ட நாட்களை மருத்துவரிடம் காட்டி, அங்கிருந்து பேச்சைத் தொடங்குங்கள்.